அக்கரைப் பள்ளிக்கூடத்துக்கு ஏரிக்கரை வழியாக

நான் வடக்குப்பட்டுக்கு மருமகளாக வந்தபோது பீரோ, கட்டில், பாத்திரங்களோடு ஒரு சைக்கிளும் டிராக்டரில் ஏறி வந்தது. வாலாஜாபாத்தில் பள்ளிக்கூடம் போய்வர அப்பா வாங்கிக் கொடுத்த லேடீஸ் சைக்கிள். ஊரில் அப்போது சைக்கிள் விடும் பெண் ஒருத்திகூட இல்லை. வந்த புதிதில் அது மாட்டுக்கொட்டகையில் நெல் மூட்டைகளுக்குப் பின்னால் சாக்கு போட்டு மூடிக் கிடந்தது. எடுத்து ஓட்டலாமா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஒருநாள் அந்தச் சாக்கை இழுத்துப் போட்டது என் வீட்டுக்காரரின் அக்காதான். அவரை நான் அண்ணி என்று கூப்பிடுவேன்.

"இது ஓட்டத் தெரியுமா ஒனக்கு?"

"தெரியும் அண்ணி."

"எனக்குக் கத்துக் குடுப்பியா?"

அது 1991 தை மாதம். எனக்கு இருபது வயது, அண்ணிக்கு இருபத்தேழு. மாமியார் நான் வருவதற்கு முன்பே இறந்துவிட்டிருந்தார். மாமனார் காலையில் கழனிக்குப் போனால் பொழுது சாயும்போதுதான் வருவார். என் வீட்டுக்காரர் ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் அப்போது இருந்த இரண்டு மூன்று கம்பெனிகளில் ஒன்றில் ஷிப்ட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். பகலில் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

அண்ணி வாழாமல் திரும்பி வந்தவர். எங்கள் ஏரியைத் தாண்டி, அதற்கடுத்த ஏரியையும் தாண்டினால் வரும் ஊரில் அவரைக் கொடுத்திருந்தார்கள். எங்கள் ஊரில் அதை அக்கரை என்றுதான் சொல்வார்கள். அவருடைய புருஷன் கோபம் வந்தால் கை ஓங்குகிறவன். ஒருநாள் அண்ணியின் இடது கையை முறுக்கி மணிக்கட்டை உடைத்துவிட்டான். எலும்பு சரியாகக் கூடாமல் கை கொஞ்சம் கோணலாகவே நின்றுவிட்டது. இரண்டு ஊர்க்காரர்களும் உட்கார்ந்து பேசினார்கள். ஏரி நிரம்பி வழியும் கலங்கல் தண்ணீர் யாருக்கு என்பதில் அந்த இரண்டு ஊருக்கும் ஏற்கனவே ஆகாது. பேச்சு முற்றி, "பொண்ண வேணும்னா கூட்டிகினு போங்க, புள்ள எங்க புள்ள" என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். இந்த ஊர்க்காரர்கள் அந்த ஊருக்கோ அந்த ஊர்க்காரர்கள் இந்த ஊருக்கோ இது விஷயமாக வரக்கூடாது என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். அப்போது அந்தப் பெண் குழந்தைக்கு நான்கு வயது. அண்ணி என்னிடம் சைக்கிள் கற்றுக்கொடு என்று கேட்ட அந்தத் தை மாதத்தில் அதற்கு ஆறு வயது ஆகியிருக்கும். இதெல்லாம் எனக்கு என் வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரியும். அண்ணி வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை.

எங்கே ஓட்டக் கற்றுக்கொடுப்பது என்பதுதான் முதல் பிரச்சினை. தெருவில் ஓட்டினால் ஊரே வாசலுக்கு வரும். மெயின் ரோட்டில் ஜல்லி லாரிகள் புழுதி கிளப்பிக்கொண்டு போகும், வரும். மிச்சம் இருந்தது ஏரிக்கரைதான். எப்போதோ அதிகாரிகளின் ஜீப் வந்து போவதற்காகக் கரையின் மேல் செஞ்சரளை கொட்டி உருளை விட்டிருந்தார்கள். பிறகு வண்டிகள் ஏறிக் கரை கரைகிறது என்று சொல்லி இரண்டு முனையிலும் கல்தூண் நட்டுவிட்டார்கள். மாட்டு வண்டிகூட நுழைய முடியாது. ஆளும் ஆடும் சைக்கிளும் மட்டும்தான் போகலாம்.

அப்படி ஒரு வழி எனக்கு வாலாஜாபாத்தில் கிடைத்ததில்லை. ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் கீழே நெல் வயல், நடுவில் சிவப்பாக ஒரு மைல், இரண்டு மைல் என்று நீண்டுகொண்டே போகும். சக்கரத்துக்கு அடியில் சரளை நறநறவென்று அரையும். ஹாரன் சத்தமே கிடையாது. எங்கள் ஏரிக்கரை முடியும் இடத்தில் கூரை விழுந்த ஒரு பழைய கருங்கல் கோயில் இருந்தது. சுவர் முழுக்க எழுத்து, படிக்கத் தெரிந்தவர்கள் யாருமில்லை. அதைத் தாண்டினால் மார்பளவு உயரத்துக்கு ஒரு கல். அதிலும் எழுத்து உண்டு, தலைப்பக்கம் ஒரு சூலம் செதுக்கியிருந்தது. அந்தக் காலத்தில் இரண்டு ராஜாக்கள் அங்கே சண்டை போட்டார்கள் என்றும், யானைகள் செத்து விழுந்தன என்றும், சண்டை முடிந்து எல்லை பிரித்து நட்ட கல் அது என்றும் சொல்வார்கள். உண்மையோ பொய்யோ, எங்கள் தாலுகா அந்தக் கல்லோடு முடிந்தது. அந்தப் பக்கம் வேறு தாலுகா, வேறு ஏரி. அக்கரை ஊர் அந்த ஏரிக்குப் பின்னால்.

அண்ணி பத்து நாளில் கற்றுக்கொண்டார். விழுந்து விழுந்து முழங்காலெல்லாம் சிராய்ப்பு. இடது கையால் பிரேக்கை இறுக்கிப் பிடிக்க அவரால் முடியாது. அதனால் காலைத் தரையில் தேய்த்துத்தான் நிறுத்துவார். ஒரு மாதத்தில் இரண்டு ஜோடி ரப்பர் செருப்பு தேய்ந்தது. முதல்முறை நான் பிடிக்காமலே ஒரு பர்லாங் தூரம் போய்விட்டு, திரும்பத் தெரியாமல் சைக்கிளோடு சரிவில் இறங்கி நாணல் புதருக்குள் போய் நின்றார். நான் பதறி ஓடினேன். அவர் புதருக்குள் உட்கார்ந்துகொண்டு சிரித்தார். நான் அந்த வீட்டுக்கு வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பங்குனி பிறந்ததும் ஒரு வெள்ளிக்கிழமை, சூலக்கல் வரை ஓட்டிக்கொண்டு வந்தவர் அங்கே நிறுத்தினார். கேரியரிலிருந்து நான் இறங்கினேன். அவர் அந்தப் பக்கத்து ஏரிக்கரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தக் கரை எங்க போய் முடியுது தெரியுமா? பள்ளிக்கூடத்துக்குப் பின்னால. ஊருக்குள்ளவே போவ வேணாம்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"இதுக்குத்தான் கத்துக்கினீங்களா அண்ணி?"

"நடந்து போனா களை எடுக்கறவளுங்க நாலு பேர் நிறுத்தி, இன்னா எங்க போறன்னு கேப்பாளுங்க. சைக்கிள்னா அவளுங்க நிமிர்ந்து பாக்கறதுக்குள்ள தாண்டிடலாம்."

பயமாக இருந்தது. ஆனால் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கல்லுக்கு அந்தப் பக்கம் நான் ஓட்டினேன், அண்ணி பின்னால் உட்கார்ந்தார். முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒரு கையால் என் இடுப்பைப் பிடித்திருந்தார்.

பள்ளிக்கூடம் இரண்டே அறை, ஓடு போட்டது. சுற்றுச்சுவர் கிடையாது. சோற்று மணி அடித்துப் பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டு அடிபம்பில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்கள். வேப்பமரத்தின் மறைவில் நின்ற அண்ணி ஒரே பார்வையில் தன் பெண்ணைக் கண்டுபிடித்துவிட்டார். கூப்பிடத்தான் முடியவில்லை. நான்தான் போய் அந்தக் குழந்தையை அழைத்து வந்தேன். அது அண்ணியை மேலும் கீழும் பார்த்தது.

"நீ எங்கம்மாவா?" என்று கேட்டது.

அண்ணி தலையை மட்டும் ஆட்டினார். கையில் கொண்டுபோன கடலை உருண்டையை நீட்டினார். குழந்தை வாங்கிக்கொண்டு, சாப்பிடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றது.

அதற்குள் டீச்சர் பார்த்துவிட்டார். முப்பத்தைந்து வயது இருக்கும். காஞ்சிபுரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். "யாரும்மா நீங்க, சொல்லாம கொள்ளாம?" என்று கடுமையாகத்தான் வந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் அண்ணியின் மணிக்கட்டைப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை மட்டும் வாங்க. சோத்து மணி அடிச்சப்புறம் கால் மணி நேரம். இந்த மரத்தத் தாண்டி வரக்கூடாது. யாராவது கேட்டா எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மாமனாருக்குச் சோறு கொடுத்தனுப்பிவிட்டு நாங்கள் கிளம்புவோம். கல் வரைக்கும் அண்ணி மிதிப்பார், அதற்கப்புறம் நான். எதிர்க்காற்று அடித்தால் அரை மணி நேரம், இல்லாவிட்டால் இருபத்தைந்து நிமிடம். இரண்டாவது வாரமே குழந்தை மரத்தடியில் வந்து காத்திருந்தது. அண்ணி கொண்டுபோகிற எதையும் வீட்டுக்குக் கொடுத்தனுப்ப முடியாது. அங்கேயே தின்று, பம்பில் வாய் கழுவி, கை கழுவி அனுப்ப வேண்டும். தலை வாரிவிடுவார். பேன் பார்ப்பார். ஆனால் வீட்டில் எப்படிப் பின்னி அனுப்பினார்களோ அப்படியே, அதே ரிப்பனை, அதே மாதிரி கோணலான முடிச்சுப் போட்டுத்தான் கட்டுவார். முதலில் முடிச்சைப் பிரிக்கும் முன்பு அதை நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்வார். அழகாகக் கட்டத் தெரிந்தவர், வேண்டுமென்றே மோசமாகக் கட்டியதை நான் பார்த்திருக்கிறேன். போகிற நேரத்தில் குழந்தை விரல் மடக்கி எண்ணும். சனி, ஞாயிறு, திங்கள் என்று. வெள்ளி வந்ததும் அந்த விரலை அண்ணியின் கன்னத்தில் வைத்து அழுத்தும்.

திரும்பி வரும்போது அண்ணி பேசிக்கொண்டே வருவார். அவள் இன்று என்ன சொன்னாள், எந்தப் பல் ஆடுகிறது, எந்தப் பாட்டு வாய்ப்பாடமாகச் சொல்கிறாள் என்று, நான் பக்கத்திலேயே இருந்து கேட்டதையெல்லாம் எனக்கே திரும்பச் சொல்வார்.

மே மாதம் பள்ளிக்கூடம் லீவு. அந்த மாதம்தான் ஸ்ரீபெரும்புதூரில் அந்தக் குண்டு வெடித்தது. நடந்தது என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்குப் பிறகு எங்கள் பக்கமே வேறு மாதிரி ஆகிவிட்டது. ரோடு முழுக்கப் போலீஸ். பஸ்ஸை நிறுத்தி ஒவ்வொருவராக இறக்கி, எந்த ஊர், யார் வீடு என்று கேட்டார்கள். தெரியாத முகத்தைக் கண்டால் எல்லோரும் கதவைச் சாத்தினார்கள். என் வீட்டுக்காரர் வேலைக்குப் போய்வரும் வேனைக்கூட இரண்டு இடத்தில் நிறுத்திச் சோதித்தார்கள். "ரெண்டு பேரும் வூட்ட வுட்டு எங்கியும் போவாதீங்க" என்று தினமும் சொல்லிவிட்டுப் போவார்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது. ஏரிக்கரையில் போலீஸ் இல்லை, யாருமே இல்லை. நாங்கள் மறுபடியும் போனோம்.

ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை என் வீட்டுக்காரரைக் கம்பெனியில் கரண்ட் இல்லாமல் பாதி ஷிப்ட்டில் அனுப்பிவிட்டார்கள். வந்து பார்த்தால் வீடு பூட்டியிருக்கிறது. சைக்கிளைக் காணோம். அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியவில்லை. நாங்கள் வந்து சேர்ந்தபோது அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். முகமெல்லாம் வெளுத்திருந்தது. அண்ணியின் முன்னால் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணி கிணற்றடிக்குப் போனதும் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார்.

"எங்க போய்கினு வர? ஊர் இருக்கற இருப்புல எவனாவது புடிச்சிகினு போயிருந்தா நான் யார்ட்ட போய் நிப்பேன்?"

அவர் அழுவார் போலிருந்தது. நான் சொல்லிவிட்டேன். பயத்தினால் மட்டும் சொன்னேன் என்று இத்தனை நாள் என்னையே நம்ப வைத்துப் பார்த்திருக்கிறேன். அது முழு உண்மையில்லை. அவருடைய அக்காவுக்கு நான் இவ்வளவு செய்திருக்கிறேன் என்று அவருக்குத் தெரிய வேண்டும் என்கிற ஆசையும் இருந்தது. சொன்னபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பிறகு, "கொயந்த எப்பிடி கீது?" என்று மட்டும் கேட்டார். யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

அதற்கு மூன்றாவது வெள்ளிக்கிழமை, குழந்தை மரத்தடியில் இல்லை. அடிபம்புப் பக்கமே நின்றுகொண்டிருந்தது. நான் போய்க் கூப்பிட்டதும் வந்தது, ஆனால் அண்ணியிடமிருந்து நாலடி தள்ளியே நின்றது. அண்ணி கை நீட்டியும் கிட்டே வரவில்லை.

"இன்னா கண்ணு?"

"நீ வராதம்மா."

"ஏன்?"

"நீ வந்தா நைனா அடிக்குது. வராத."

அதன் ஆடுசதையில் தடம் தடமாக இருந்தது. காய்ந்து, கறுப்பாகிவிட்டிருந்தது. அண்ணி உட்கார்ந்து அந்தக் காலைத் தொடப் போனார். குழந்தை பின்னால் நகர்ந்தது. அதற்குக் கோபமில்லை, பயம். யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தது. பிறகு ஓடிவிட்டது. கடலை உருண்டை அண்ணியின் கையிலேயே இருந்தது.

திரும்பும்போது அண்ணி கேரியரில் ஏறவில்லை. நானும் ஏறி ஓட்டவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இரண்டு ஏரிக்கரையையும் நடந்தே கடந்தோம். நல்ல வெயில். சரளை செருப்பில்லாத காலைச் சுட்டிருக்கும், அண்ணி செருப்பை மரத்தடியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். அது எங்கள் இரண்டு பேருக்கும் வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. வழியில் ஒரே ஒரு முறை பேசினார்.

"யார் சொல்லியிருப்பா? டீச்சரம்மாவா இருக்குமோ?"

நான் பதில் சொல்லவில்லை. இல்லை என்றாவது சொல்லியிருக்கலாம். அந்த நல்ல மனுஷியின் தலையில் பழி போவதைப் பார்த்துக்கொண்டு, ஹேண்டில்பாரைப் பிடித்தபடி நடந்தேன்.

சாயங்காலம் என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். கம்பெனியில் அவருடைய லைனில் அக்கரை ஊர்க்காரர் ஒருவர் வேலை செய்தார். நல்ல பழக்கம். "எங்கக்கா கொயந்தைய கொஞ்சம் பாத்துக்கோப்பா, வெள்ளிக்கெழமைல அது வந்து பாத்துட்டுப் போவுதுன்னுதான் சொன்னேன். நல்லதுக்குத்தான சொன்னேன்" என்றார். அந்த ஆள் தன் வீட்டில் சொல்லியிருக்கிறான், அது தெருவுக்கு வந்து, போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்துவிட்டது. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. அவர் நெற்றியில் அறைந்துகொண்டார். அக்காவிடம் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்று எழுந்தார். நான்தான் தடுத்தேன்.

"சொன்னா அவங்க இந்த வூட்ல எப்பிடி இருப்பாங்க? நம்ம மூஞ்சில எப்பிடி முழிப்பாங்க?"

அண்ணிக்காகப் பேசுவது போலத்தான் பேசினேன். அண்ணி என்னை வெறுத்துவிடுவார் என்ற பயம்தான் எனக்கு.

அண்ணி அதற்கப்புறம் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமைகளில் தனியாகச் சைக்கிளை எடுத்துக்கொண்டு சூலக்கல் வரை போவார். அங்கே உட்கார்ந்திருந்துவிட்டு வருவார். காற்று இந்தப் பக்கமாக அடித்தால் சோற்று மணி கேட்கும் என்று ஒருநாள் சொன்னார். ஐப்பசி மழையில் கரை இரண்டு இடத்தில் அறுத்துக்கொண்டது. அதோடு அதுவும் நின்றது. அடுத்த வருஷம் குழந்தையை ஆவடியில் அதன் அத்தை வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டோம். டீச்சரும் மாற்றலாகிப் போய்விட்டார்.

எனக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். அண்ணிதான் வளர்த்தார். பிற்பாடு ஒரகடம் பக்கம் கம்பெனிகள் வந்தபோது, ஒரு கம்பெனி கேன்டீனில் வேலைக்குச் சேர்ந்தார். கம்பெனிக்காரர்கள் அறுத்துக்கொண்ட கரையை அடைத்து, அதன் மேல் மண் கொட்டி, அந்தப் பக்கத்து ஏரிக்கரையை ஒட்டி மதில் எழுப்பிவிட்டார்கள். யூனிபார்ம் போட்டுக்கொண்டு, ஐடி கார்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அண்ணி பஸ்ஸில் போய்வருவார். தன் பெண்ணைப் பற்றிப் பேச மாட்டார். ஒரே ஒரு தடவை பேசினார். வாலாஜாபாத்தில் ஒரு மண்டபத்தில் அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். எங்களிடம் சொல்லாமல் லீவு போட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

"கடைசிப் பந்தில ஒக்காந்து சாப்ட்டேன். பொண்ணு வூட்டுக்காரங்கன்னு மாப்ள வூட்ல நெனச்சிகினாங்க, மாப்ள வூட்டுக்காரங்கன்னு இவங்க நெனச்சிகினாங்க. யாரும் கேக்கல. மாலையோட நல்லா இருந்தா" என்றார். பிறகு, "பாயசம் கொஞ்சம் தித்திப்பு ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

ஏழு வருஷத்துக்கு முன்பு அண்ணிக்கு வயிற்றில் கட்டி. ஐந்தே மாதம். கடைசி நாட்களில் நான் பக்கத்திலேயே இருந்தேன். சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைப்பேன். வலியில் கிடக்கிறவரிடம் என் பாரத்தை இறக்கி வைப்பது நியாயமா என்று தள்ளிப் போடுவேன். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அந்தப் பெண் வந்தாள். நாங்கள் சொல்லி அனுப்பவில்லை. யாரோ சொல்லியிருக்கிறார்கள். முப்பது தாண்டிய பெண், கூடப் புருஷன் இல்லை, தனியாகத்தான் வந்தாள். கண், நெற்றி எல்லாம் அப்படியே அண்ணி. படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். எல்லோரும் சாப்பிட்டுக் கலைந்த பிறகு என்னிடம் வந்தாள். என் வீட்டுக்காரரும் அங்கே இருந்தார்.

"ஒண்ணு கேக்கணும் அத்தை. நீங்கதான அவங்களோட சைக்கிள்ல வருவீங்க?"

"ஆமாம்மா."

"எனக்கு ஞாபகம் இருக்கு. வேப்பமரம், தலை வாரி விடுவாங்க. அப்புறம் ஏன் வரல? நான் மரத்துக்கிட்ட போய் நின்னுட்டே இருப்பேன். என்ன வேணாம்னு விட்டுட்டாங்களா?"

அவளுக்கு மரம் நினைவிருக்கிறது, ரிப்பன் நினைவிருக்கிறது. தான் சொன்னது நினைவில்லை. ஆறு வயதுக் குழந்தை, எப்படி இருக்கும்? என் வீட்டுக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார்.

இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் அண்ணியிடம் சொல்லாததை நான் அவளிடம் சொன்னேன். நான் வாய் விட்டதை, அது எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதை, ஒன்று விடாமல் சொன்னேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அதுக்காக ஏன் வராம இருக்கணும்?" என்றாள். "அடிச்சா அடிச்சிட்டுப் போறாரு. எப்பிடியும் அடிக்கத்தான் செஞ்சாரு. அவங்க வந்திருக்கலாமே?"

நீதானம்மா வராதே என்று சொன்னாய் என்ற வார்த்தை என் தொண்டை வரை வந்தது. விழுங்கினேன்.

"ஒன்ன அடிக்கறாங்கன்னு தெரிஞ்சிது. அத அவங்களால தாங்க முடியல."

"யாரு சொன்னாங்க, அடிக்கறாங்கன்னு?"

"டீச்சர்" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். அம்மாவின் போட்டோ ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். காரியத்துக்கு வைத்த படம்கூடக் கேன்டீன் ஐடி கார்டிலிருந்து பெரிதாக்கியதுதான், கொடுக்க அந்தக் கார்டுதான் இருந்தது. அதில் இருப்பது தபால் தலை அளவுக்கு ஒரு படம். எடுத்துக் கொடுத்தேன். கைப்பையில் வைத்துக்கொண்டு, நாலு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

இப்போது வருஷா வருஷம் திதிக்கு வருகிறாள். என் வீட்டுக்காரரை மாமா என்று கூப்பிட்டு அவரோடு நன்றாகப் பேசுகிறாள். என் பிள்ளைகளோடு சிரிக்கிறாள். என்னிடமும் மரியாதையாகத்தான் நடந்துகொள்கிறாள், எப்படி இருக்கீங்க அத்தை என்று கேட்கிறாள். நான் இலை போட்டுக் கூப்பிட்டால் மட்டும், சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன் என்கிறாள். நான் வற்புறுத்துவதில்லை.